புதுக்கோட்டை ராஜாவின் கலியாணம்

மலையகத்தில் தொண்டைமான் என்று சொன்னால் யாரும் 'எந்தத் தொண்டைமான்?' என்று திருப்பிக் கேட்பதில்லை. 1913இல் புதுக்கோட்டைப் பக்கத்து ஊரொன்றில் பிறந்து, சிறு பையனாக றம்பொடை வேவண்டன் தோட்டத்துக்கு வந்து சேர்ந்து, பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவரான சௌமியமூர்த்தி தொண்டைமான்தான் எல்லோருக்கும் நினைவில் வருவார். நான் எழுதப்போவது அவரைப் பற்றியல்ல. அவர் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது அந்தச் சீமையை ஆண்டுகொண்டிருந்த வேறொரு தொண்டைமானைப் பற்றி.

அந்த ராஜாவின் பேரை நான் முதலில் கேட்டது நூலில் அல்ல, ஒரு லயத்தில். சில வருஷங்களுக்கு முன், ஹற்றனுக்கு அண்மித்த ஒரு தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி திடீரென்று பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சாதாரண தரப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. விசாரித்தால், யாரோ பையன் எழுதிய கடிதம் ஒன்று வீட்டில் பிடிபட்டதாம். பையன் வேறு ஆட்களாம். நான் பேசிப் பார்க்கலாமென்று போனேன். தகப்பன் வேலைக்காட்டுக்குப் போயிருந்தார். எண்பதைத் தாண்டிய அப்பாயிதான் வாசலில் இருந்தார். வந்த விஷயத்தைச் சொல்வதற்கு முன் அவர் கேட்டது, "தம்பிக்கு எந்த ஊரு?"

"ஹற்றன்தான் ஆச்சி."

"அது சரிப்பா. அங்க எந்த ஊரு?"

மலையகத்தில் 'அங்க' என்றால் இந்தியா. என் வாப்பாவின் வாப்பா திருமயத்துப் பக்கத்திலிருந்து வந்து இங்கே புடவைக்கடை வைத்தவர் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப நம்ம ராசா சீமைதான்! காட்டுபாவா பள்ளிவாசலுக்கு எங்க ஐயா சின்னதுல போவாராம்" என்றவர், உள்ளே போய் ஒரு பழைய தகரப்பெட்டியிலிருந்து சின்னஞ்சிறு செப்புக் காசொன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் அம்மன் உருவம். மறுபக்கம் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. அது தெலுங்கில் 'விஜய' என்ற சொல் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசு.

பேத்தியின் கதைக்கு வந்தபோது அவர் சொன்னது இதுதான்: "நம்ம ராசா ஒரு வெள்ளைக்காரிய கட்டிக்கிட்டாரு. ராசாவையே ஊருக்குள்ள வைக்கல்ல. இவ எம்மாத்திரம்?"

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கினேன்.

புதுக்கோட்டை, சென்னை மாகாணத்தின் நடுவே கிடந்த ஒரு சிறிய சுதேச சமஸ்தானம். பரப்பளவு சுமார் 1,100 சதுர மைல். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் மக்கள். கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் பட்டினி. அந்தச் சீமையை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தொண்டைமான்கள் ஆண்டனர். திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் பேரால் அவளுடைய ஊழியராகவே தாங்கள் ஆள்வதாகச் சொல்லிக்கொண்டார்கள். காசில் அம்மன் இருப்பது அதனால்தான். ஹைதர் அலியோடும் திப்பு சுல்தானோடும் நடந்த யுத்தங்களில் இவர்கள் ஆங்கிலேயர் பக்கம். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் புதுக்கோட்டைதான். சிவாஜி கணேசனின் படம் பார்த்த நம்மவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. இந்த விசுவாசத்துக்குப் பரிசாகத்தான் சமஸ்தானம் பிழைத்துக் கிடந்தது.

மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1875 நவம்பரில் பிறந்தவர். பிறந்த மறு வருஷமே தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியா முழுக்க இலட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் தொண்டியிலும் அம்மாபட்டினத்திலும் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். ராஜா இராமச்சந்திரத் தொண்டைமானுக்கு ஆண் வாரிசு இல்லாதபடியால் மகள் வயிற்றுப் பேரனான மார்த்தாண்டரைச் சுவீகாரம் எடுத்தார். 1886இல் அவர் காலமானதும் 10 வயதுப் பையன் ராஜாவானான். கோப்பி அழிந்து தேயிலை ஏறிய காலம் அது. ஹற்றனுக்கு ரயில் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

பையனுக்காக நிர்வாகத்தை நடத்தியவர் திவான் சேஷய்யா சாஸ்திரி. பெரிய கெட்டிக்காரர். புதுக்கோட்டை நகரின் குளங்களையும் தெருக்களையும் ஒழுங்குபடுத்தியவர். பையனைப் படிப்பிக்க வந்தவரோ கேம்பிரிட்ஜில் படித்த குரொஸ்லி என்ற ஆங்கிலேயர். ஆங்கிலம், குதிரைச் சவாரி, டென்னிஸ், மேசைப் பழக்கம் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். 1894இல் முழு அதிகாரமும் கையில் கிடைத்தபோது மார்த்தாண்டர் தோலில் தமிழர், பழக்கத்தில் முழு ஆங்கிலக் கனவான். புதுக்கோட்டை வெயிலை விட ஐரோப்பாவின் குளிர் அவருக்குப் பிடித்திருந்தது. இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. சிறு வயதிலிருந்து ஒரு பிள்ளையை வெள்ளைக்காரனாக வளர்த்தவர்கள், அவன் வெள்ளைக்காரப் பெண்ணைக் கேட்டபோது மட்டும் அதிர்ந்து போனார்கள்.

1915இல் அவருக்கு வயது 40. பட்டத்து ராணி என்று எவரும் இல்லை. ஐரோப்பாவில் யுத்தம் நடந்தபடியால் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். சிட்னியில் மொலி ஃபிங்க் என்ற இருபது வயதுப் பெண்ணைச் சந்தித்தார். மெல்பேர்ணைச் சேர்ந்த ஒரு பாரிஸ்டரின் மகள். பழக்கம் விரைவிலேயே கலியாணத்தில் முடிந்தது. 1915 ஓகஸ்ட் 10ஆம் திகதி மெல்பேர்ணில் பதிவுத் திருமணம். ஆரவாரம் இல்லை. ஆனால் ஒளிவுமறைவும் இல்லை.

அதன் பிறகுதான் விஷயம் சிக்கலாகிறது.

பிரித்தானிய அரசு மொலியை ராணியாக ஏற்க மறுத்தது. மேன்மை தங்கியவர் என்ற பட்டம் அவருக்குக் கிடையாது. பிறக்கும் பிள்ளைக்கு ராஜபட்டத்தில் உரிமை கிடையாது. இருவரும் அந்த ஆண்டே புதுக்கோட்டைக்கு வந்தார்கள். அரண்மனையிலும் வரவேற்பு கசந்தது. சொந்தக் குலத்தில் பெண் எடுக்காத ராஜாவை உறவினர் எப்படி ஏற்பார்கள்? கருவுற்றிருந்த மொலியின் உணவில் யாரோ அரளி கலந்ததாகக்கூடப் பேசப்பட்டது. அடுத்த வருஷமே இருவரும் அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிட்டனர். 1916 ஜூலையில் சிட்னியில் மகன் பிறந்தான். ஊரின் பேரையே சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பேர் வைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 'கடமையா, காதலா' என்ற தராசை எடுத்து வைக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் வாசித்தேன். பிறகு ஒரு கேள்வி வந்தது. கடமை என்று சொல்கிறோமே, அது யாருக்குச் செய்ய வேண்டிய கடமை? அதை வரையறுத்தது யார்?

நம்முடைய சரித்திரத்திலிருந்து ஓர் உதாரணம். ஜஹாங்கீர் பாதுஷா என்றதும் மாணவர்கள் அனார்கலியைத்தான் கேட்பார்கள். தன் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்த ஜஹாங்கீர் அந்தப் பேரை ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. அவர் உண்மையில் விரும்பிக் கட்டியது மெஹ்ருன்னிசாவை, 1611இல். முன்பே கலியாணமாகிக் கணவனை இழந்தவர், ஈரானிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தின் மகள். அவரைத்தான் பாதுஷா நூர்ஜஹான் ஆக்கினார். அவருடைய பேரில் நாணயமும் அடிக்கப்பட்டது. அதை யாரும் தடுக்கவில்லை, தடுக்கக்கூடிய ஆள் மேலே யாரும் இல்லை. மார்த்தாண்டருக்கும் சொந்தக் காசு இருந்தது. ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு என்று கணக்கு. ஆனால் தன் மனைவி யார் என்று சொல்லும் உரிமை அந்தக் காசோடு வரவில்லை.

அப்படியானால் ஆங்கிலேயரின் பயம் என்ன? மொலியின் குலமோ ஒழுக்கமோ அல்ல. புதுக்கோட்டைக்குரிய அரசியல் முகவர் திருச்சிராப்பள்ளிக் கலெக்டர். ஒரு விருந்தில் ராணி முன்னே நடக்க வேண்டும், கலெக்டரின் மனைவி பின்னே நடக்க வேண்டும். அந்த ராணி ஒரு வெள்ளைக்காரியாக, கறுத்த கணவனின் கையைப் பிடித்தபடி வந்தால் ஆளுகிற இனம், ஆளப்படுகிற இனம் என்று கோடு கிழித்து வைத்த கணக்கு முழுவதும் குழம்பிவிடும். பட்டியாலா, ஜிந்த், கபூர்தலா ராஜாக்களும் இதற்கு முன் ஐரோப்பியப் பெண்களைக் கட்டியிருந்தார்கள். கபூர்தலா ராஜா 1908இல் அனிதா டெல்காடோ என்ற ஸ்பானிய நடனப் பெண்ணை மணந்தபோதும் ஆங்கில அரசு அவரை ராணியாக அங்கீகரிக்கவில்லை. ஆனால் அந்த ராஜாக்களுக்குச் சுதேச மனைவிமாரும் வாரிசுகளும் இருந்தார்கள். வெள்ளை மனைவியை ஒரு ராஜாவின் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். மார்த்தாண்டருக்கு இருந்தது மொலி மட்டும்தான், சிட்னி மட்டும்தான். கலப்பு இரத்தம் சிம்மாசனத்தில் ஏறிவிடும் என்ற நிலை. அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

சரி, அதே சாம்ராஜ்யத்தின் அதே வெள்ளைக்காரர்கள் இந்த மலைகளில் என்ன செய்தார்கள்?

தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதினமல்ல. இருபது, இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வரும் சின்னத்துரை ஆரம்ப வருஷங்களில் கலியாணம் செய்வதைக் கம்பனிகள் விரும்பவில்லை. பங்களா பெரிசு, இரவு நீளம், மழை ஓயாது. லயத்திலிருந்து ஒரு பெண் பங்களாவுக்குப் போவாள். சில இடங்களில் அது வருஷக் கணக்கில் நடந்த குடித்தனம், சில இடங்களில் வெறும் அதிகாரம். இங்கிலாந்திலிருந்து துரைசாணி வரும் நாளில் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் வேறு தோட்டத்துக்கு அனுப்பப்படுவார்கள். 1909இல் குடியேற்ற நாடுகளின் செயலாளராக இருந்த குரூ பிரபு, அரச உத்தியோகத்தர் சுதேசப் பெண்களை வைத்திருக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையே அனுப்ப வேண்டி வந்தது. அது உத்தியோகத்தருக்கு. தோட்டத்துரைக்கு அந்தக் கட்டுப்பாடுமில்லை.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்? நுவரெலியாவிலிருந்த பெயின்ரர் இல்லம் அப்படிக் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஆர்னல்ட் பெயின்ரர் என்ற ஆங்கில மிஷனரி. அவர் கட்டியிருந்தது ஒரு சிங்களப் பெண்ணை, முறைப்படி, ஊரறிய. பெரிய ஓவியரான டேவிட் பெயின்ரர் அவர்களின் மகன். இதையும் சொல்லத்தான் வேண்டும், எல்லா வெள்ளைக்காரரையும் ஒரே கூடையில் போட முடியாது.

நிக்காஹ் என்றால் சாட்சி வேண்டும், மஹர் வேண்டும், ஊரறிய வேண்டும் என்று நமது மார்க்கம் வலியுறுத்துவதன் அர்த்தம் எனக்குத் துலங்கியது இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான். மெல்பேர்ண் பதிவகத்தில் கையெழுத்துப் போட்ட கறுப்பு ராஜா குற்றவாளி. பங்களாவின் பின்கதவைத் திறந்து வைத்த வெள்ளைத் துரை கனவான். ராஜா செய்த ஒரே தவறு அதைக் கலியாணம் என்று அழைத்தது.

இதை எழுதியதும் நான் ராஜாவின் பக்கம் முழுதாகச் சாய்ந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அப்பாயியின் இன்னொரு வார்த்தை இருக்கிறது. "ராசாவே கப்பலேறின பொறவு நமக்கென்ன கெடக்குன்னுதான் எங்க ஐயாவும் ஏறுனாராம்." ராஜா சிட்னியில் பந்தயக் குதிரைகள் வளர்த்தார், கிண்ணங்கள் வென்றார். அந்தக் குதிரைக்குக் கொள்ளு புதுக்கோட்டைக் குடியானவன் கட்டிய வரியிலிருந்துதான் போயிருக்க வேண்டும். அதே வருஷங்களில் அந்தக் குடியானவன் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டிருந்தான். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் வந்தபின் வழி சுலபமாகிவிட்டது. மண்டபம் முகாமில் உடம்பைச் சோதித்து, ரயிலில் ஏற்றி, ஹற்றனில் இறக்கினால் பிரட்டுக்களம். ராஜாவுக்குத் தன் குடிகளிடம் ஒரு கடமை இருந்தது. ஆனால் ஆங்கிலேயர் அவரிடம் கேட்ட கடமை அதுவல்ல. அவர் மொலியைக் கைவிட்டுவிட்டு அரண்மனையிலேயே இருந்து அதே வரியில் அதே குதிரைகளை வளர்த்திருந்தால், கடமை தவறாத ராஜா என்று பட்டம் கொடுத்திருப்பார்கள். 1913இலேயே ஒரு பெரிய பட்டம் கொடுத்தும் இருந்தார்கள்.

1921இல் பேரம் முடிந்தது. மார்த்தாண்டர் ஒரு தொகையை ஏற்றுக்கொண்டு ஆட்சியை விட்டு விலகச் சம்மதித்தார். பேருக்கு ராஜா, காரியத்துக்கு ரீஜண்ட் ஆட்சி. தற்செயலாக, இலங்கையில் துண்டு முறை ஒழிக்கப்பட்டதும் 1921இல்தான். இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: 'இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவோம்' என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் காகிதமே துண்டு. ஒரே ஆண்டில் மலையகத்துத் தொழிலாளி துண்டிலிருந்து விடுபட்டான், அவனுடைய பழைய ராஜா தன் துண்டை வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு பிரான்சின் தென்கரையில் கான் நகரத்தில் வாசம். 1928 மே 28ஆம் திகதி பாரிஸில் மரணம். வயது 52. உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோக ஆங்கில அரசு அனுமதிக்கவில்லை. இலண்டனில் கோல்டர்ஸ் கிறீன் தகனசாலையில் எரித்தார்கள். மகன் சிட்னியைத் தள்ளிவிட்டு, உறவில் ஆறு வயதுப் பையன் ஒருவனைத் தேர்ந்து ராஜாவாக்கினார்கள். அவர்தான் கடைசி ராஜாவான இராஜகோபாலத் தொண்டைமான். அவர் ஆயுள் முழுக்கக் கலியாணமே செய்யவில்லை.

எட்டு வருஷம் கழித்து இலண்டனிலேயே அந்த நாடகம் திரும்ப நடந்தது. 1922இல் இளவரசராக இலங்கைக்கு வந்து கண்டியில் பெரஹர பார்த்துவிட்டுப் போன எட்வேர்ட், 1936 ஜனவரியில் மன்னரானார். விவாகரத்துப் பெற்ற அமெரிக்கப் பெண்ணைக் கட்டுவதற்காக டிசம்பர் 11இல் முடியைத் துறந்தார். அவருடைய மனைவிக்கும் அரச மேன்மைப் பட்டம் மறுக்கப்பட்டது. அவர்களும் போய்க் குடியிருந்தது கான் பக்கத்துக் கடற்கரையில்தான். எட்வேர்டின் கதையை உலகம் நூற்றுக்கணக்கில் புத்தகமாகவும் படமாகவும் போட்டுத் தீர்த்தது. தமிழ் ராஜாவின் கதை ஒரு கிழவியின் தகரப்பெட்டிக்குள் இருந்தது.

மொலி 1967வரை உயிரோடிருந்தார். கணவரை இழந்து 39 வருஷம். அவருடைய சாம்பலையும் கோல்டர்ஸ் கிறீனிலேயே வைத்தார்கள்.

சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து, புதுக்கோட்டையிலிருந்தும் மற்றச் சீமைகளிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது. அவர்களுக்கு அங்கே திரும்பிப் பார்க்க ஒரு ராஜாவும் இல்லை, இங்கே பிடித்துக்கொள்ள ஒரு வாக்குச்சீட்டும் இல்லை. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பதாகக் கணக்குப் போட்டார்கள். அப்பாயியின் அண்ணன் குடும்பம் அந்தக் கணக்கில் போனது. போன இடத்தில் காணிக்கும் கடனுக்கும் மனுக் கொடுக்கப் புதுக்கோட்டைக் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்றதாகக் கடிதம் வந்ததாம். அந்தக் கலெக்டர் ஆபீஸ் இருப்பது பழைய ராஜாவின் புது அரண்மனையில். மார்த்தாண்டர் ஒரு நாளும் குடியிருக்காத அரண்மனை அது.

இதையெல்லாம் தேடி அறிந்துகொண்டு மறுபடியும் அந்த லயத்துக்குப் போனேன். இந்த முறை தகப்பனும் இருந்தார். ராஜா குற்றம் எதுவும் செய்யவில்லை, முறைப்படிதான் கட்டினார், தடுத்தது வெள்ளைக்காரன்தான் என்று அப்பாயிக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப அந்தப் புள்ள?" என்றார்.

"எந்தப் பிள்ளை ஆச்சி?"

"ராசா மகன். அவனுக்கு ஒண்ணும் குடுக்கலியா?"

இல்லை என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. தகப்பன்தான் பேச்சை மாற்றி, கடிதம் எழுதிய பையனைப் பற்றி விசாரித்தார், பரீட்சைக் கட்டணம் பற்றிக் கேட்டார். கலியாணப் பேச்சை இப்போது யாரும் எடுக்க வேண்டாம், பிள்ளை முதலில் பரீட்சை எழுதட்டும் என்றேன். நான் எழும்பும்போது அப்பாயி காசைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தாள்.